பீக் வைத்த ஹெல்மெட்: தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஒன்றே போதுமா?

ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் மாதிரி மண்பாதைக்கும் ஏற்ற பைக் வீட்டுக்கு வந்த மறுவாரம், தொப்பி விளிம்புபோல் நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பீக் வைத்த ஹெல்மெட்டும் வந்துவிடும். வண்டிக்கு எடுப்பாக இருக்கும், ஃபோட்டோவில் நன்றாக விழும். முதல் நெடும்பயணத்தில் வேகம் நூறைத் தொடும்போது யாரோ பின்னாலிருந்து தலையைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். இரவு லாட்ஜில் கழுத்தைத் திருப்ப முடியாது. ஹெல்மெட் மேல் குற்றமில்லை. அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது, நம் ஓட்டத்தில் அந்த வேலை எவ்வளவு என்று கணக்குப் போடாமல் வாங்கியதுதான் கோளாறு.

மண்தடப் பந்தயமான மோட்டோகிராஸுக்குப் போடும் ஹெல்மெட்டை எடுத்துப் பாருங்கள். அந்த ஓட்டத்தில் வேகம் குறைவு, உடல் உழைப்பு அதிகம், மூச்சு வாங்கும். அதனால் தாடைப் பகுதி வாயிலிருந்து நன்றாக முன்னே தள்ளியிருக்கும். கண் திறப்பு அகலம், ஏனென்றால் அதற்குள் காகிள்ஸ் உட்கார வேண்டும். முகத்தை மூடும் ஒளிபுகும் தகடான வைசர் கிடையாது. முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரம் வாரி இறைக்கும் கல்லையும் சேற்றையும் தலையைக் குனிந்து தடுத்துக்கொள்ளத்தான் பீக். தார்ச்சாலை ஹெல்மெட் இதற்கு நேர் எதிர்: உருண்டையான ஓடு, இறுக மூடும் வைசர், காற்றும் சத்தமும் நுழையாத கழுத்துப் பகுதி. இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் டூயல் ஸ்போர்ட் அல்லது அட்வென்ச்சர் ஹெல்மெட். பீக்கும் இருக்கும், வைசரும் இருக்கும். பதிலுக்குச் சத்தம் கூடும், எடை கூடும், காற்று பிடிக்கும்.

எனவே வாங்குமுன் ஓடோமீட்டரைப் பாருங்கள். சென்னையிலிருந்து கொல்லிமலை போனால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தார், எழுபது கொண்டை ஊசி வளைவும் தார், மேலே போய்த் தேடினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மண். பெரும்பாலானோர் ஓட்டம் இப்படித்தான். மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட மண் இல்லை என்றால் கண் திறப்பு பெரிதாக உள்ள நல்ல சாலை ஹெல்மெட்டே போதும். பீக் இல்லாததால் எதுவும் கெட்டுப்போகாது. மாறாக, வாராவாரம் டர்ட் டிராக்கில் பயிற்சி எடுப்பவருக்கு விலையுயர்ந்த டூயல் ஒன்றைவிட, சாலைக்கு ஒன்று, மண்ணுக்கு விலை குறைந்த மோட்டோகிராஸ் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. டூயல் ஹெல்மெட் உண்மையில் நடுவில் இருப்பவருக்கானது: ஒரே நாளில் நான்குவழிச் சாலையிலும் போய், கரட்டுப் பாதையிலும் இறங்கி, அதே ஹெல்மெட்டோடு திரும்ப வேண்டியவர். ஸ்பிதி, லடாக் போகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

டூயல்தான் என்று முடிவானால் முதலில் அளவு. பிராண்டு, நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகு. தையற்காரர் டேப்பைப் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகப் பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி மூன்று முறை அளக்க வேண்டும். வருவதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை போட்ட வாரத்தில் அளக்க வேண்டாம். 58 செ.மீ. என்பது ஒரு நிறுவனத்துக்கு எம், இன்னொன்றுக்கு எல். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள், எழுத்தை நம்பாதீர்கள்.

சுற்றளவு சரியாக இருந்தும் தலைவலி வந்தால் காரணம் தலையின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சிலர் தலை முன்பின்னாக நீளம், சிலருக்கு ஏறக்குறைய வட்டம், பலர் இரண்டுக்கும் நடுவே. நீளத் தலைக்கு வட்ட ஹெல்மெட் மாட்டினால் நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்தும், பக்கங்களில் விரல் நுழையும். வட்டத் தலைக்கு நீள ஹெல்மெட் என்றால் பொட்டெலும்பு இரண்டும் வலிக்கும். கடையில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள்: நெற்றி முழுக்க லேசாகச் சிவந்திருந்தால் சரி. ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை. "போடப் போடச் சரியாகிவிடும்" என்பார்கள். கன்னத்துப் பஞ்சு சரியாகும், பத்துப் பதினைந்து மணி நேர ஓட்டத்தில் அமுங்கிக் கொடுக்கும். நெற்றிப் பஞ்சுக்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோல் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது.

மண்பாதைக்கு இந்த இறுக்கம் இன்னும் முக்கியம். தார்ச்சாலையில் கொஞ்சம் தளர்ந்த ஹெல்மெட் லேசாக ஆடும், அவ்வளவுதான். குழியும் கல்லுமாக இருக்கும் பாதையில் அது மேலும் கீழும் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் காகிள்ஸை மூக்கில் அடிக்கும், பீக் கண்ணுக்கு முன்னால் இறங்கி ஏறும், சரியாகச் சக்கரம் எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டிய நொடியில் பாதை மறையும். சோதிக்க வழி எளிது. வாரைக் கட்டிக்கொண்டு தாடைப் பகுதியைப் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள்; கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் தனியாக வழுக்கக் கூடாது. பிறகு பின்கழுத்துப் பக்கம் விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கும்படி கூட வந்தவரிடம் சொல்லுங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு உருண்டு வந்தால் விழும்போது கழன்றுவிடும். கன்னப் பஞ்சு மட்டும் தளர்வாக இருந்தால் தடிமன் கூடிய பஞ்சு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்காக அடுத்த சைஸுக்கு இறங்க வேண்டாம்.

காகிள்ஸ் போடுவதாக இருந்தால் அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். எல்லாக் காகிள்ஸும் எல்லாக் கண் திறப்புக்கும் பொருந்தாது. சட்டத்தின் மூலை ஹெல்மெட் விளிம்பில் இடித்தால் நுரை முகத்தோடு ஒட்டாது, அந்த இடைவெளியில்தான் புழுதி நுழையும். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் மாதிரி மாவுப் புழுதிக்கு ஒரு நூல் இடைவெளி போதும். காகிள்ஸ் போட்ட நிலையில் வைசரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். சில மாடல்களில் பீக்கைக் கீழே இறக்கி வைத்தால் வைசர் முழுதாகத் திறக்காது, பாதியில் நின்று பார்வைக்குக் குறுக்கே ஒரு கோடாக நிற்கும். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியின் காம்பு நுழையப் பஞ்சில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு மேலேயே போடக்கூடிய காகிள்ஸ் உண்டு, ஆனால் அகலம் அதிகம். மண்ணில் எப்போதாவது இறங்கும் கண்ணாடிக்காரருக்கு வைசரே தொல்லையில்லாதது.

இப்போது பீக். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். ஐம்பதில் இருப்பதைப்போல நூறில் நான்கு மடங்கு. ஊருக்குள் ஒன்றுமே தெரியாத பீக் நெடுஞ்சாலையில் பாய்மரம் ஆவது இதனால்தான். நேராகப் பார்க்கும்போது தலையை மேலே தூக்கும். லேன் மாற ஓரமாகத் திரும்பிப் பார்க்கும்போது பக்கவாட்டில் பிடித்து இழுக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நடுவே நெடுஞ்சாலையில் ஆடி மாதம் போய்ப் பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பீக் எம்மாத்திரம். பீக்கின் உடலில் காற்று வெளியேறப் பெரிய துளைகள் உள்ள மாடல்கள் கொஞ்சம் தேவலை. நீளமாக, தட்டையாக, துளையில்லாமல் இருப்பது மண்ணுக்கு மட்டும்தான் லாயக்கு.

அதனால் பீக்கைக் கழற்ற முடிகிறதா, கழற்றிய பிறகும் வைசர் நிற்கிறதா என்பதுதான் டூயல் ஹெல்மெட்டில் அளவுக்கு அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல மாடல்களில் பீக்கைக் கழற்றியதும் அந்த இடத்தை மூடப் பக்கத் தகடுகள் பெட்டிக்குள்ளேயே கொடுப்பார்கள். நாணயத்தால் திருகும் திருகாணிகள் என்றால் சாலையோரத்திலேயே முடித்துவிடலாம். நாள் முழுக்க நெடுஞ்சாலை என்றால் பீக்கைக் கழற்றித் துணிக்குள் சுற்றிப் பையில் வைப்பதே சரி. தகடுகளையும் திருகாணிகளையும் ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு வையுங்கள், உதிரியாக இரண்டு திருகாணியும் சேர்த்து. திருகாணி தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் இரும்புத் திருகாணி வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. தலை தரையில் இழுபடும்போது பீக் மண்ணில் குத்தி நின்றால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். அப்படி ஆகாமல் அது தெறித்து விழத்தான் பிளாஸ்டிக் திருகாணி வைத்திருக்கிறார்கள்.

பீக்கின் உயரத்தைக் கடையில் உட்கார்ந்தபடி சரிபார்த்துப் பயனில்லை. கரட்டுப் பாதையில் கால் வைக்கும் ஃபுட்பெக் மேல் எழுந்து நிற்போம். உடல் முன்னால் சாயும், தலை கீழ்நோக்கும். உட்கார்ந்தபோது வழிவிட்ட பீக் நிற்கும்போது மேல்பாதியை மறைக்கும். கடையில் வண்டி இல்லாவிட்டாலும் முழங்காலை மடக்கி, கைகளை ஹேண்டில்பார் பிடிப்பதுபோல் நீட்டி நின்று பாருங்கள். முன்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் உள்ள தரையும், தூரத்தில் பாதை திரும்பும் இடமும் தலையை அசைக்காமல் தெரிய வேண்டும். அதே நிலையில் பின்கழுத்து விளிம்பு முதுகுப்பையில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர்ப் பை மாட்டுபவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். இடித்தால் நிமிர்ந்து பார்க்க முடியாது. இன்னொன்று, பின்னால் உட்காருபவருக்கு பீக் வைத்த ஹெல்மெட் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் உங்கள் மண்டையில் ஒரு தட்டு விழும்.

ஓடு பாலிகார்பனேட்டா, ஃபைபரா, கார்பனா என்பதில் கடைக்காரர்கள் நிறைய நேரம் செலவிடுவார்கள். ஓட்டின் வேலை அடியைப் பரப்புவதும் கூர்மையான கல் உள்ளே நுழையாமல் தடுப்பதும். அடியின் வேகத்தை விழுங்குவது உள்ளே இருக்கும் தெர்மாகோல். அது நொறுங்குவதன் மூலம்தான் விழுங்குகிறது. நொறுங்கியது திரும்ப எழாது. கார்பன் கொடுத்தால் எடையில் சற்றுக் குறையும், விலையில் பல ஆயிரம் கூடும். டூயல் ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் 1,400 முதல் 1,700 கிராமுக்குள் இருக்கும். நூறு கிராம் வித்தியாசம் கையில் தெரியாது, எழுந்து நின்று ஓட்டும் ஆறாவது மணி நேரத்தில் கழுத்துக்குத் தெரியும். ஆனால் மொத்த எடையைவிட அது எங்கே குவிகிறது என்பது பெரிது. முன்பாரம் கொண்ட 1,500 கிராம், சமநிலையான 1,650 கிராமைவிட மோசம்.

தரச்சான்று விஷயத்தில் இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது. முத்திரையின் மேல் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், அடியில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். வரவில்லை என்றாலும், வேறு பெயர் வந்தாலும், ஸ்டிக்கர் மட்டும்தான் அசல். ஐரோப்பியச் சான்றும் உள்ளதை வாங்க முடிந்தால் நல்லது. அது ஓட்டின் மேல் ஒட்டியிருக்காது. தாடை வாரில் தைத்திருக்கும். வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் சான்றளித்த நாட்டின் எண்ணும் இருக்கும்: 3 என்றால் இத்தாலி, 9 என்றால் ஸ்பெயின். கீழே உள்ள நீண்ட எண் 06 என்று தொடங்கினால் புதிய இ.சி.இ. 22.06, 05 என்றால் பழைய 22.05. அமெரிக்க டாட் முத்திரையை உற்பத்தியாளரே தன் பொறுப்பில் ஒட்டிக்கொள்ளலாம். விற்பனைக்கு முன் வேறு யாரும் சோதித்துச் சான்று தருவதில்லை. தெருவோரத்தில் ஐநூறு ரூபாய் ஹெல்மெட்டிலும் அது இருப்பதன் ரகசியம் அதுதான்.

22.06 இந்தக் கதைக்கு ஏன் முக்கியம் என்றால், பழைய விதி நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. புதியது அதோடு 6.0, 8.2 மீட்டர் என இன்னும் இரண்டு வேகங்களைச் சேர்த்தது. கூடுதல் இடங்களில் அடித்துப் பார்க்கிறது. தலை சுழலும் விசையையும் அளக்கிறது. நொடிக்கு ஆறு மீட்டர் என்பது 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம். எழுந்து நின்று ஓட்டும்போது வண்டி சாய்ந்து தலை பாறையில் மோதினால் ஏறக்குறைய அதுதான். இத்தகைய மெதுவான அடிக்குத் தெர்மாகோல் மிகக் கெட்டியாக இருந்தால் நொறுங்காது, அடி நேரே மண்டைக்குப் போகும். அதனால் மென்மையும் கெட்டியுமாக இரு அடர்த்தித் தெர்மாகோல் உள்ளது மண்பாதைக்கு நல்ல தேர்வு. உள்ளே மஞ்சள் நிறத்தில் வழுக்கும் அடுக்கோடு வரும் மிப்ஸ், மோதும் நொடியில் ஹெல்மெட் தலையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் நகர இடம் கொடுத்துச் சுழற்சியைக் குறைக்கப் பார்க்கிறது. கிடைத்தால் நல்லது. அளவு பொருந்தாத மிப்ஸைவிட, அளவு பொருந்திய சாதா ஹெல்மெட் மேல்.

விலை என்று பார்த்தால் ஸ்டட்ஸ் நிறுவனத்தின் எஸ்.எம்.கே., வேகா நிறுவனத்தின் ஆக்ஸர் போன்ற உள்நாட்டு வரிசைகளிலேயே பீக்கும் வைசரும் உள்ள ஹெல்மெட்டுகள் கிடைக்கின்றன. ஜப்பானிய அராய், ஷோயி பக்கம் போனால் விலை பல மடங்கு. அதிகப் பணத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம் குறைவு, நல்ல பஞ்சு, உதிரிபாகம். உதிரிபாகம் என்ற சொல்லைச் சும்மா சொல்லவில்லை. வைசர், பீக், கன்னப் பஞ்சு மூன்றும் தனியாகக் கிடைக்காத மாடலை எவ்வளவு தள்ளுபடியிலும் வாங்காதீர்கள். மண்ணில் ஓட்டும் ஹெல்மெட்டின் வைசர் ஒரு வருடத்தில் கீறிவிடும்.

கீறுவது கல்லால் அல்ல, பெரும்பாலும் நம் கையால். புழுதி படிந்த வைசரைக் கையுறையால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பது போல. ஈரத் துணியைப் போர்த்தி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, தண்ணீர் ஊற்றி இறக்கி, பிறகு மென்துணியால் ஒற்ற வேண்டும். பெட்ரோல், தின்னர், வீட்டுக் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த திரவம் எதுவும் வேண்டாம். பாலிகார்பனேட் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வால்பாறை, ஊட்டிப் பக்கம் மழையிலும் மூடுபனியிலும் போகிறவர்களுக்கு, வைசரின் உட்புறம் பொருத்தி மூச்சுப் பனி படியாமல் தடுக்கும் பின்லாக் தாள் கண்கண்ட பலன். ஆனால் அதற்கான இரு முனைகள் வைசரிலேயே இருக்க வேண்டும், பிறகு ஒட்ட முடியாது. புழுதிப் பாதைக்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள். தாள் மென்மையானது, இடையில் மண் புகுந்தால் ஒரே நாளில் மங்கிவிடும்.

இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் மணலில் தள்ளிக்கொண்டு போகும்போது காற்றுத் துளைகளால் பெரிய பயன் கிடையாது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கும். வாய்க்கு முன்னால் உள்ள துளை பெரிதாகவும், கையுறை போட்ட விரலால் திறக்கக்கூடியதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் உள்ளே நுரை வடிகட்டி இருந்தால் கழற்றிக் கழுவ முடிய வேண்டும், இல்லையென்றால் புழுதி அடைத்துப் பிறகு எப்போதுமே காற்று வராது. ஹெல்மெட்டுக்குள் போடும் மெல்லிய துணி முகமூடியான பாலாகிளாவா இரண்டு வைத்திருங்கள்: ஒன்று தலையில், ஒன்று கொடியில். பஞ்சு முழுவதும் கழற்றத் தக்கதாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குழந்தை ஷாம்பூ போட்டு அலசி நிழலில் காயவைத்தால் போதும். வாஷிங் மெஷினில் போட்டவர்களுக்குக் கன்னப் பஞ்சு உருண்டையாகத் திரும்பி வரும்.

பூட்டு இரண்டு வகை. பல் பல்லாக இறுகும் மைக்ரோமெட்ரிக் பக்கிள் ஊருக்குள் வசதி. சேறு புகுந்தால் பல் சரியாகக் கடிக்காது. ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். டபுள் டி வளையத்தில் கெட்டுப்போக எதுவுமே இல்லை. வாரின் நுனியை இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, வெளி வளையத்தின் மேலாக மடக்கி, இரண்டு வளையங்களுக்கும் நடுவே விட்டு இழுக்க வேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் நுழையலாம், இரண்டு நுழையக் கூடாது. நுனியில் இருக்கும் பட்டன் தொங்கும் வாரைப் பிடித்துவைக்க மட்டுமே. வளையத்தில் மாட்டாமல் பட்டனை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

சத்தத்துக்கு மருந்து ஹெல்மெட்டில் இல்லை. பீக் வைத்தது எதுவானாலும் எண்பதைத் தாண்டினால் இரையும். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பானை உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். ஹாரன் கேட்கும், காற்று இரைச்சல் அடங்கும். ஓட்டியபடி பேச உதவும் இன்டர்காமின் ஸ்பீக்கர் மாட்டக் காது இருக்கும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்; தெர்மாகோலைக் கத்தியால் செதுக்குவதும் ஓட்டில் துளை போடுவதும் கூடாது. கேமராவை உச்சியில் நட்டுவைப்பதும் வேண்டாம். பீக்கைப்போல அது தெறித்து விழாது.

கழற்றிய ஹெல்மெட்டை ரியர்வியூ கண்ணாடியில் மாட்டினால் கண்ணாடியின் முனை தெர்மாகோலில் குழி பறிக்கும். டேங்க் மேல் கவிழ்த்து வைத்தால் பெட்ரோல் ஆவி உள்ளே போய் அதே தெர்மாகோலைக் கரைக்கும். தரையில் வையுங்கள், உருளாது. மாட்டுமுன் உள்ளே எறும்போ பூரானோ இருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டுங்கள். தலை உள்ளே இருக்கும்போது அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே ஒரு கீறல்கூட இல்லையென்றாலும் மாற்ற வேண்டியதே. வெறும் ஹெல்மெட் கைதவறி விழுந்தால் பஞ்சைக் கழற்றித் தெர்மாகோலில் வெடிப்பு உண்டா என்று பார்த்துவிட்டுத் தொடரலாம். எந்த அடியும் படாவிட்டாலும் ஐந்து வருட உபயோகத்துக்குப் பிறகு விடைகொடுங்கள். தயாரித்த மாதமும் வருடமும் பஞ்சுக்கு அடியில் ஒட்டியோ அச்சிட்டோ இருக்கும். குப்பையில் போடுமுன் வாரை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் அது வேறு யாராவது தலையில் இருக்கும்.